ஏழாம் நம்பர் வீட்டுப் பேர்

புதனி தன் முந்தானையை வைத்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள். வெளியே நின்றபடி அவள் துணியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துப் பிடிக்க, உள்ளே அடுப்பருகில் இருந்த கலாவதிக்குச் சிவப்பாக ஏதோ வெளிச்சத்தை மறைப்பதும் விலகுவதுமாகத் தெரிந்தது. பதறி எழுந்து வந்தாள். ஜன்னல் திட்டில் டம்ளருக்குள் நிறுத்தி வைத்திருந்த போனை முதலில் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அந்தத் திட்டுதான்.

"என்ன புதனி பண்ணிட்டிருக்கிற?"

"ஜன்னலுக்குப் பர்தா அளவு, அக்கா." ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் அவள் வேலைக்கு வேண்டிய அளவு தமிழைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்க ரூம்ல பதினோரு ஆளு. அடுத்த மாசம் ஏழு நம்பர் உனக்குத்தான்னு கான்ட்ராக்டர் சொன்னாரு."

"ஏழு நம்பர்ல நாங்க இருக்கறோமே, சாமி."

புதனியின் கை அப்படியே நின்றது. முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். "நீங்க போறீங்கன்னு சொன்னாங்க. பொய்யா?" பிறகு சமாதானமாக, "பையா... அண்ணன் எங்க அக்கா? ஞாயித்துக்கிழமைகூட நான் பாக்கவே இல்ல."

"கொட்டச்சேட்டுக்கு ஒரு வேலையாப் போயிருக்காரு."

ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் வழவழப்பாகியிருந்தது. புதனி தலையாட்டிவிட்டுப் போனாள். போகிற போக்கில் திரும்பி ஜன்னலை இன்னொரு தரம் பார்த்தாள். அவள் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனாலேயே கலாவதி போனைத் திட்டில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அவள் புருஷன் நல்லமுத்து மலேசியா போய் ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடுவான். இது கூப்பிடாத மூன்றாவது ஞாயிறு.

அவன் போயிருக்கவே வேண்டியதில்லை என்று இப்போது சொல்வது சுலபம். ஏற்காட்டில் வெள்ளக்கடைக்கு மேலே அந்தக் காபி எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தின் உச்சி வரை ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறிக்கிறவர்களில் அவனுக்கு நிகர் அவன்தான். கலாவதி குப்பனூர்க்காரி. பலாப்பழ லாரியோடு மலையிறங்கி வந்தவன், பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று கேட்ட பெண்ணிடம், "என்னையத் தட்டிப் பாருங்க, நானும் பழுத்துத்தான் இருக்கறேன்" என்றான். அடி வாங்கியிருக்க வேண்டியவன், தாலி கட்டி மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. மகள் சசிரேகா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள்.

எஸ்டேட் கைமாறிய பிறகுதான் எல்லாம் மாறியது. தினக்கூலிப் பெண்களை முதல் வருடமே நிறுத்தினார்கள். கலாவதி அதில் ஒருத்தி. அடுத்த வருடம் மிளகையும் கிளை கழிப்பதையும் கான்ட்ராக்டில் விட்டார்கள். வடக்கேயிருந்து ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சேலம் ஏஜென்ட் ஒருத்தன், பேக்கிங் வேலை, ஏசி ரூம், இரண்டே வருடம் என்றான். படிப்பு கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. எதையுமே கேட்காத வேலை என்பதுதான் கலாவதிக்கு உறுத்தியது. "நம்மகிட்ட எதுவும் இல்லைனு தெரிஞ்சுதான கூப்புடறான், கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று நல்லமுத்து சிரித்தான்.

போவதற்கு முன் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வீடு.

எஸ்டேட் கொடுத்த லைன் வீடு யார் பேரில் இருக்கிறதோ, அந்தப் பேர் தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்டோர் முன்னால் கூப்பிடப்பட்டு, பதிலும் வர வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் பதில் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வரும். ஆனால் பதில் சொல்கிற ஆள் யார் என்று அந்த எஸ்டேட்டில் யாரும் கேட்டதில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி, புருஷன் கால் ஒடிந்து கிடந்தால் பெண்டாட்டி, வேலைக்கு ஒரு ஆள் வந்தால் சரி. 'பேர் நிக்குது' என்பார்கள். தாத்தா செத்து இரண்டு வருடம் கழித்தும் அவர் பேர் நின்ற வீடுகள் உண்டு. கெட்டது என்று யாரும் நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சோறு போடுவது மாதிரிதான் அது.

எனவே ஆகஸ்டிலிருந்து நல்லமுத்து என்ற பேருக்குக் கலாவதி நின்றாள். ரைட்டர் வேலுசாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் பார்ப்பார், டிக் போடுவார், அடுத்த பேருக்குப் போவார். முப்பது வருடமாக அந்த ஆஜர் நோட்டை எழுதுகிறவர் அவர்.

முதல் மாதம் போனில் நல்லமுத்து நன்றாகத்தான் பேசினான்.

"ஏனுங்க, வேலையெல்லாம் எப்பிடி?"

"பேக்கிங்தான். என்னத்த பேக் பண்றோம்னுதான் தெரியல. ஏ கலா, ஒண்ணு சொன்னாச் சிரிப்ப. இங்க என்னைய தமிழ்செல்வன்னு கூப்புடறாங்க."

"எதுக்குங்க?"

"தமிழ்செல்வன்னு ஒருத்தன் இருந்திருக்கறான். பர்மிட்டு அவன் பேருல இருக்குது. அவன் எங்கியோ ஓடிப்போயிட்டான். என்ற பாஸ்போர்ட்ட சூப்பர்வைசரு வாங்கி வச்சுக்கிட்டு அவன் அட்டைய என்ற கழுத்துல மாட்டி உட்டுட்டாரு."

"அந்தத் தமிழ்செல்வனுக்குக் கல்யாணம் ஆயிருச்சாமா?"

"ஆகலையாட்ட இருக்குது. அதனால பாத்துப் பேசு, அடுத்தவன்கூடப் பேசிட்டிருக்கிற." கொஞ்ச நேரம் இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் கேட்டான்: "அங்க நான் வேலைக்குப் போறனா?"

"போகாம என்ன? நேத்து நாலு வரிசை களை எடுத்தீங்க. அஞ்சாம் நம்பர் செல்வியக்காகூட உங்கள மெச்சுனாங்க."

"பரவால்லயே. எனக்கே தெரியாம நான் நல்ல ஆளா இருந்திருக்கறேன்."

அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. அக்டோபரில் அவன் குரல் தாழ்ந்தது. நவம்பரில் வாரத்துக்கு ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டான். டிசம்பர் கடைசியில், "கலா, என்ற பேரு அங்க நிக்குதில்ல?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான். நிற்கிறது என்றாள். "அது போதும், அது போதும்" என்றான். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

இந்த ஞாயிறு மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. டம்ளருக்குள் அது கிணுகிணுவென்று அதிர்ந்தபோது கலாவதி கையிலிருந்த அரிசி முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏனுங்க..."

"அக்கா, நான் அவரு இல்ல." சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. "அவரோட ரூம்ல இருந்தவன். பேரு வேணாம்க்கா. சீக்கிரமாச் சொல்லிடறேன், கேட்டுக்குங்க. மூணு வாரம் முன்னாடி கம்பெனிக்கு ரெய்டு வந்துச்சு. எல்லாரும் ஓடுனோம். அண்ணன் மேல் மாடித் தகரத்துல ஏறுனாரு. நல்லா ஏறுவாருல்ல, அந்தத் தைரியம். தகரம் பேந்துடுச்சு."

கலாவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உசுரு இருக்குக்கா. ஆஸ்பத்திரில இருக்காரு. ஆனா பேச்சு இல்ல, கண்ணு முழிக்கல. கழுத்துல இருந்த அட்டைய வச்சு தமிழ்செல்வன்னு எழுதிருக்காங்க. அந்தத் தமிழ்செல்வன் வீட்டுல விசாரிச்சா, எங்க புள்ளை ஊருக்கு வந்துட்டான், யாரு இதுன்னு கேக்கறாங்களாம். நான் போய்ச் சொன்னா என்னைய உள்ள தூக்கி வச்சுடுவாங்க. அங்கேருந்து கவர்மென்ட் பேப்பர் வரணும்க்கா. இவரு நல்லமுத்துதான், எங்க ஆளுதான்னு. பத்துப் பதினஞ்சு நாளைக்குள்ள வரணும். இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"யாருமில்லாத ஆளு கணக்குல எல்லாத்தையும் முடிச்சுடுவாங்கக்கா."

ஆஸ்பத்திரி பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னான். அடுப்புக்கரியால் சுவரில் எழுதிக்கொண்டாள். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தபோது அந்த நம்பர் அணைக்கப்பட்டிருந்தது. ஏஜென்டின் நம்பரோ உபயோகத்திலேயே இல்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினாள். மகளிடம் எதுவும் சொல்லவில்லை, பரீட்சை நடக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற கூட்டத்தில் நான்கு மணிநேரம் நின்றபின் ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு சசிரேகாவைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். பொறுமையாகக் கேட்டாள். பாஸ்போர்ட் நம்பர் இருக்கிறதா என்றாள். நகல்கூட இல்லை, எடுத்ததெல்லாம் ஏஜென்ட். சரி, ஆதார் கொடுங்கள் என்றாள். அதை வாங்கித் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கலாவதியைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அம்மா, ஆகஸ்டுல மலேசியா போனாருன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க."

"ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டுலேருந்து போன மாசம் வரைக்கும் இவருக்கு பி.எஃப். கட்டிட்டு வர்றாங்களே. ஒரு மாசம்கூட விடல."

கலாவதி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்வதற்கு உண்மை இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் வீடு இருக்காது.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வெளிநாட்டுக்கு எழுதணும்னா, இங்க இல்லாத ஆளுன்னு முதல்ல தெரியணும்மா. அவரு எந்தத் தேதியிலேருந்து வேலைக்கு வரலைன்னு எஸ்டேட்டுல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்ல, ஸ்டேஷன்ல ஒரு புகார் பதிஞ்சு கொண்டாங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தா நான் அன்னைக்கே அனுப்பறேன். பாஸ்போர்ட் வழியாவும் தேடச் சொல்றேன். ஆனா அதுக்கு ஒரு மாசம் ஆகும்."

பத்து நாளில் ஒரு மாதத்தை எங்கே வைப்பது? மலையேறுகிற பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியபடி கலாவதி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எண்ணிக்கை பாதியில் தவறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை ஸ்டோரில் வேலுசாமி மட்டும் இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை, எழுதவும் இல்லை.

"ஐயோ, நல்லமுத்து." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கமான பையனாச்சே."

"தங்கமான ஆளுக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுங்கையா. ஆகஸ்டு பதினெட்டுலேருந்து வரலைனு. அவ்வளவுதானுங்க."

"அவ்வளவுதானா? ஏம்மா கலாவதி, அப்ப அஞ்சு மாசமா நான் எவனுக்கு டிக் போட்டேன்னு கேப்பாங்களே. எனக்கும் எஸ்டேட் குவாட்டர்ஸ்தானம்மா. நாலு மாசத்துல ரிட்டயர்டு. இந்த வயசுல கள்ளக் கையெழுத்துக் கேசுல நான் உள்ள போகோணுமா?"

"அவரு செத்துப்போயிருவாருங்கையா."

அவர் நோட்டை மூடினார். வெளியே காபிப்பழம் அரைக்கிற மெஷினை யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அவர் குரல் மெல்ல வந்தது. "அடுத்த திங்கக்கிழமையிலேருந்து மூஞ்சியப் போட்டோப் புடிச்சுத்தான் ஆஜராம். அதுக்குன்னு புதுப் போனு வந்திருச்சு, அதா, அந்த டப்பாவுல இருக்குது. அன்னைக்கு எப்பிடியும் நல்லமுத்து பேரு விழுந்துரும். அதுவரைக்கும் நில்லு. அப்பறம், திங்கக்கிழமையிலேருந்து ஆளக் காணோம்னு நானே எழுதித் தர்றேன். யாருக்கும் கெடுதல் இல்ல பாரு."

கலாவதிக்கு அது முதலில் நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போகிற பாதையில் பாதி தூரம் வந்தபிறகுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. சனிக்கிழமை வரை தினமும் மலையில் இருந்த மனுஷன், திங்கட்கிழமை காணோம். மலேசியாவில் யார் தேடுவார்கள்? ஓடைகளில் தேடுவார்கள். பள்ளத்தில் தேடுவார்கள். கடைசியாக அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் யார் என்று கேட்பார்கள்.

அவள் நின்ற இடத்தில் ஆரோக்கியசெல்வி எதிரே வந்தாள். ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரி. கலாவதி இந்த லைனுக்கு வந்த முதல் நாள் அடுப்பு பற்றவைத்துக் கொடுத்தவள். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே, சுற்றி வளைக்காமல் நேராகப் பேசினாள்.

"ரைட்டர் போன்ல சொன்னாரு. நீ என்னடி பண்ணப் போற?"

"உண்மையச் சொல்லப் போறேன்க்கா."

"உன்ற உண்மையவா? இல்ல, எங்க எல்லாத்து உண்மையவுமா?" அவள் விரலை மடக்கினாள். "ரெண்டாம் நம்பர்ல கிழவரு பேருக்கு மருமவ நிக்கறா. நாலுல புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, பொண்டாட்டி நிக்கறா. என்ற ஊட்டு ஆளு எங்கன்னு உனக்கே தெரியும். ஓசூர்ல வாட்ச்மேனு. ஒம்போது ஊட்டுல ஆறு ஊடு இப்பிடித்தான் நிக்குது கலா. ஒரு செங்கல்ல உருவுனா மொத்தமும் உழுகும். எங்களுக்குப் பதிலா வர்றதுக்குப் பதினோரு பேரு ஒரே ரூம்புல படுத்துக் காத்திட்டிருக்கறாங்க."

"எப்பிடியும் திங்கக்கிழமை போட்டோ வருதில்லக்கா?"

"வந்தா என்ன? ஊட்டாளு இன்னைக்குத்தான் வெளியூரு போனாருன்னு சொல்லிக்கலாம். ஒரு மாசம், ரெண்டு மாசம்னு இழுக்கலாம். பழசத் தோண்டுனாத்தான் பொய் சொன்னோம்னு ஒரே நாள்ல வெளிய தள்ளுவான். எம் புள்ளைக்குப் பத்தாவது பரீட்சை. எங்க போவேன் நான்?" அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. "நல்லமுத்துக்காக நான் ஜெபம் பண்றேன். ஆனா நாளைக்கு நீ வாயத் தொறக்காத, சாமி. உன்னையக் கையெடுத்துக் கும்புடறேன்."

உண்மையிலேயே கும்பிட்டாள். கலாவதி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவை ஐஸ் கட்டி மாதிரி இருந்தன.

புதன்கிழமை காலை பனி ஸ்டோர்க் கூரை வரை இறங்கியிருந்தது. ஒரு பக்கம் லைன் வீட்டு ஆட்கள், மறுபக்கம் கான்ட்ராக்டர் ஆட்கள். புதனி குளிருக்குத் தலையோடு சால்வை போர்த்திக்கொண்டு கலாவதியைப் பார்த்துச் சிரித்தாள். வேலுசாமி வேகவேகமாகப் பேர்களைக் கூப்பிட்டார். நான்காம் நம்பர். ஐந்தாம் நம்பர். ஆறாம் நம்பர்.

"நல்லமுத்து."

கலாவதி பேசவில்லை.

"நல்லமுத்து!" அவர் தலை நிமிரவில்லை. பேனா மட்டும் அந்தப் பேரின் மேல் நின்றது.

"அவரு இல்லீங்கையா," என்றாள் கலாவதி. தெளிவாகத்தான் சொன்னாள். "அந்தப் பேர அடிச்சிருங்க."

வரிசையில் ஒரு அசைவு. யாரோ செருமினார்கள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, இரண்டே கை தூரத்தில், ஒரு குரல் வந்தது.

"இருக்கேனுங்க."

கலாவதி திரும்பிப் பார்த்தாள். ஆரோக்கியசெல்வி அவளைப் பார்க்கவில்லை. நேரே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இரண்டாம் நம்பர் மருமகள். அவளுக்குப் பக்கத்தில் நான்காம் நம்பர்க்காரி. எல்லா முகங்களும் ஒரே மாதிரி இறுகியிருந்தன. கேட்ட குரல் ஒருத்தியுடையதா, அல்லது அடுத்த முறை கூப்பிட்டால் எல்லோருமே சொல்வார்களா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

வேலுசாமி டிக் போட்டார்.

"எட்டாம் நம்பர், சித்தன்."

கலாவதி வரிசையை விட்டு வெளியே வந்து, பனிக்குள் ரோட்டைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. நடுவயதுக்காரர். மரியாதையாக உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பேர் நிற்பது, தமிழ்செல்வன் அட்டை, தகரம், ஆஸ்பத்திரி. போனை வாங்கிப் பார்த்தார். நல்லமுத்து அனுப்பிய ஒரே போட்டோவில் ஒரு தகரச் சுவரும் அவன் முகமும் இருந்தன.

"நம்பரு வெளிநாட்டு நம்பருதாம்மா. ஆனா பேசுனது உங்க ஊட்டுக்காரருதான்னு எப்பிடிச் சொல்றது? போட்டோவுல பின்னாடி தகரம்தான் இருக்குது." யோசித்தார். "எஸ்டேட்டுல கேட்டுப் பாத்துருவோம்."

மேனேஜருக்குப் போன் போட்டார். மேனேஜர் சேலத்தில் இருந்தார். தினமும் எட்டு மணிக்கு அவருக்கு வரும் நோட்டுப் பக்கத்தின் போட்டோவை அப்படியே அனுப்பி வைத்தார். எஸ்.ஐ. அதை விரலால் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லமுத்து இன்னைக்குக் காலையில வேலைக்கு வந்திருக்காரேம்மா."

"அது அவரு இல்லீங்க. செல்வியக்கா நின்னாங்க."

"பொம்பளை எப்பிடிம்மா நல்லமுத்துன்னு நிப்பாங்க?"

முதல் தடவையாகக் கலாவதிக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட லைனில் தெரிந்த விஷயம். அந்த மேசை முன்னால் சொன்னபோது அதற்குக் கை கால் இல்லாமல் போயிற்று.

எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளை பைக்கில் அனுப்பினார். "அவரக் கையோட கூட்டிட்டு வா. அவரு வந்துட்டா பிரச்சினை முடிஞ்சது." கலாவதியிடம் திரும்பினார். "நீங்க பெஞ்சுல உக்காருங்க. போனு இங்கயே இருக்கட்டும், நம்பரச் சரிபாக்கணும்."

"ஆஸ்பத்திரிலேருந்து யாராவது கூப்புட்டா..."

"நாங்க எடுக்கறோம்."

ஒன்றரை மணிநேரம் கழித்து பைக் திரும்பியது. பின்னால் ஆரோக்கியசெல்வி, தலைத்துண்டோடு, ஒரு கையால் சீட்டை இறுகப் பிடித்தபடி. கான்ஸ்டபிள் சொன்னான்: "தோட்டம் முழுக்கத் தேடிட்டேன் சார். ஆளக் காணோம். காலையில பழம் பறிக்கக் கூடையத் தூக்கிட்டுப் போனதா எஸ்டேட் ரைட்டர் சொல்றாரு. இந்தம்மாதான் கூட வேலை பாத்தவங்க."

"நீங்க பாத்தீங்களாம்மா?" என்றார் எஸ்.ஐ.

ஆரோக்கியசெல்வி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். கலாவதி அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பத்தாவது படிக்கிற அந்தப் பையனின் நீலநிறப் புத்தகப் பைதான் ஏனோ ஞாபகம் வந்தது.

"பாத்தேனுங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி. "ஓடைப் பக்கம் போனாருங்க. அப்பறம் காணோமுங்க."

எஸ்.ஐ. பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். அவர் உட்காரும் விதம் மாறியிருந்தது. 'நீங்க' மட்டும் மாறவில்லை.

"ஊட்டுல ஏதாவது சண்டையாம்மா?"

"இல்லீங்க."

"ஊடு காலி பண்றதுல? காசு பணத்துல?"

"இல்லீங்க."

"மலேசியாக் கதைய யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

வாசலில் இன்னொரு பைக் கிளம்பியது. ஓடைப் பக்கம் ஆள் அனுப்புகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. மேசை மேல் அவள் போன் ஒருமுறை அதிர்ந்து, நகர்ந்து, ஒரு பைலின் மீது மோதி நின்றது. கான்ஸ்டபிள் அதை எடுத்து நம்பரைப் பார்த்தான், எஸ்.ஐ. பேசிக்கொண்டிருந்ததால் அப்படியே கவிழ்த்து வைத்தான். அது மறுபடி அடிக்கவில்லை.

"சார், அந்தப் போனு..."

"மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. கடைசியா அவர எப்பப் பாத்தீங்க?"

கலாவதி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். இந்த ஒரு கேள்விக்காவது தன்னிடம் இருப்பதை ஒரு பொட்டு குறையாமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஆகஸ்டு பதினெட்டுங்க. சேலம் புது பஸ் ஸ்டாண்டுல, திருச்சி பஸ்ஸு. நீலச் சட்டை போட்டிருந்தாரு, நான்தான் தேச்சுக் குடுத்தேன். ஜன்னல் சீட்டு கெடைக்கலைங்க. நடுவுல உக்காந்துட்டாரு, மூஞ்சி தெரியல. பஸ்ஸப் பின்னால எடுக்கறப்போ, நான் பாக்கோணும்னு எந்திரிச்சு நின்னுக்கிட்டாரு. கண்டக்டரு உக்காருங்க உக்காருங்கன்னு சத்தம் போட்டாரு. அவரு உக்காரவே இல்லீங்க சார். ரோட்டுல திரும்புற வரைக்கும் அப்பிடியே நின்னுட்டே போனாருங்க."

எஸ்.ஐ. இதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை; பேனாவை எப்போதோ மூடி வைத்திருந்தார்.